நாலு டாலர் ரிப்போர்ட்டும் வக்கீல் பில்லும்

“கேஸ் ஜெயிச்சா வக்கீல் பீஸை டவுன்ஷிப்பே குடுத்துடுமாமே?”

ஓப்ரா கேஸ், அதாவது அரசு ஆவணம் கேட்டுப் போடும் வழக்கு விஷயமாக எங்கள் ஆபீசுக்கு போன் போடும் தமிழர்கள் யாரும் இதைக் கேட்காமல் போனை வைத்ததில்லை. டவுன்ஷிப் என்கிற ஊர் நிர்வாகம் சில சமயம் கொடுக்கும் என்று சொன்னால் உடனே அடுத்தது வரும்: “அப்ப நமக்குச் செலவே இல்லல்ல?” அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எனக்கு மூச்சு முட்டும். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நியூ ஜெர்சியில் ஒரு சின்ன வக்கீல் ஆபீசில் பாராலீகலாக, அதாவது வக்கீல்களுக்கு உதவியாளராக இருக்கிறேன். இரண்டு வக்கீல்கள், நான், நேரம் பார்த்து மக்கர் பண்ணும் ஒரு ஸ்கேனர். வாடகைத் தகராறு, டிராபிக் டிக்கெட், வீட்டுப் பத்திரம் என்று எல்லாம் வரும். ஆனால் என் பாஸுக்கு மனசு இருப்பது ஓப்ரா கேஸ்களில்தான். ஓப்பன் பப்ளிக் ரெக்கார்ட்ஸ் ஆக்ட், 2002-ல் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டம். நம்மூர் ஆர்டிஐக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு அலுவலகம் ஆவணம் தரவில்லை என்று வழக்குப் போட்டு ஜெயித்த பிறகு, வக்கீல் பீஸ் கேட்டு கோர்ட்டில் கொடுக்கும் காகிதங்களைத் தயார் செய்வது என் வேலை. நான் வக்கீல் இல்லை. இது சட்ட ஆலோசனையும் இல்லை. கீழே வரும் சாரை யாரும் அடையாளம் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அமெரிக்காவில் ஜெயித்தாலும் தோற்றாலும் அவரவர் வக்கீலுக்கு அவரவர்தான் கட்ட வேண்டும். வேலி தகராறில் பக்கத்து வீட்டுக்காரரை கோர்ட்டுக்கு இழுத்து ஜெயித்தாலும் உங்கள் வக்கீல் பில் உங்களுடையதுதான். அதை எதிராளி தலையில் கட்ட வேண்டுமென்றால், பெரும்பாலும் சட்டத்திலேயே அதற்கென்று தனியாக எழுதியிருக்க வேண்டும். ஓப்ராவில் எழுதியிருக்கிறது. காரணம் எளிது. கார் விபத்துக் கேஸ் என்றால் வரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வக்கீல் பேசிக்கொள்வார். ஆவணக் கேஸில் ஜெயித்தால் கிடைப்பது ஒரு பிடிஎஃப். அதில் மூன்றில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு போய் வக்கீல் என்ன செய்வார்?

சார் ரிட்டயர்டு சிவில் இன்ஜினியர். பொதுப்பணித்துறையில் காலம் தள்ளிவிட்டு மகனோடு வந்து இருப்பவர். நல்ல மழை பெய்தால் மகன் வீட்டு பேஸ்மென்ட்டில் கணுக்கால் தண்ணீர். டவுன்ஷிப் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியை வைத்து அந்தப் பகுதியின் மழைநீர் வடிகாலை ஆய்வு செய்திருக்கிறது என்று யாரோ கவுன்சில் கூட்டத்தில் சொல்ல, அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு விண்ணப்பம் போட்டார். சட்டப்படி ஏழு வேலை நாளில் பதில் வர வேண்டும். அவகாசம் வேண்டும் என்று ஒரு கடிதம் வந்தது, பிறகு இன்னொன்று. கடைசியில் மறுப்பு. காரணம், அது கலந்தாலோசனை நிலையில் இருக்கும் உள் ஆவணமாம், அபிப்ராயங்கள் அடங்கியதாம்.

“பைப்போட விட்டம் எத்தனை இஞ்ச்னு எழுதறதுல என்னம்மா அபிப்ராயம் இருக்கு?” என்றார் என்னிடம்.

சட்டமும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. அந்த விலக்கு கொள்கை முடிவெடுக்கும்போது அதிகாரிகள் மனம் விட்டுப் பேசுவதற்காக. வெறும் அளவுகளும் தகவல்களும் அதில் அடங்காது. ஆனால் சார் எங்களிடம் வருவதற்குள் டவுன்ஷிப் கிளார்க்குக்கு நினைவூட்டல் கடிதம், மேயருக்கு நகல், மறுபடி நினைவூட்டல் என்று ஊர்ப் பழக்கத்தில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். மறுப்பு வந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் கோர்ட்டுக்குப் போயாக வேண்டும். எத்தனை மரியாதையாகக் கடிதம் எழுதினாலும் அந்த 45 நீளாது. அவர் வந்தபோது கொஞ்ச நாள்தான் மிச்சம். பாஸ் மற்ற கோப்புகளை ஓரம் தள்ளிவிட்டு எழுத உட்கார்ந்தார்.

சுப்பீரியர் கோர்ட்டில் தாக்கல் செய்யக் கட்டணம் 250 டாலர். ஓப்ரா வழக்கு சுருக்க விசாரணை வகை. சத்தியப் பிரமாணத்தோடு புகார் மனு, கூடவே ‘ஏன் தரக்கூடாது என்று வந்து சொல்’ என்று அலுவலகத்துக்கு நீதிபதி போடும் உத்தரவு, அதில் ஒரு தேதி. சாட்சி, ஜூரி எதுவும் பெரும்பாலும் கிடையாது. அந்தத் தேதி வருவதற்கு முன்பே டவுன்ஷிப் வக்கீலிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளாமல், ஒரு மரியாதைக்காக ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறோம், வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாருக்கு ஒரே சந்தோஷம். முடிந்தது என்று நினைத்தார். எங்களுக்கு அப்போதுதான் பாதி வேலை ஆரம்பம்.

ஏனென்றால் நீதிபதி எந்த உத்தரவும் போடவில்லை. தீர்ப்பே இல்லாமல் ஜெயித்தவர் என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வியில் அமெரிக்க கோர்ட்டுகள் நிறையவே தடுமாறியிருக்கின்றன. 2001-ல் பக்கனன் என்ற வழக்கில் மத்திய சுப்ரீம் கோர்ட், வழக்குப் போட்ட அழுத்தத்தில் எதிராளி தானாக இறங்கி வந்தால் அது ஜெயித்ததாகாது, கோர்ட் முத்திரை வேண்டும் என்று சொல்லிவிட்டது. அது வேறு சட்டங்களைப் பற்றிய வழக்குதான். ஆனாலும் அந்தத் தர்க்கம் மத்திய தகவல் சட்டமான ஃபோயாவுக்கும் பரவியது. எந்த அரசு அலுவலகத்துக்கும் இது கொண்டாட்டம்: வருஷக்கணக்கில் இழுத்தடி, தீர்ப்பு வரும் போலத் தெரிந்தால் ஆவணத்தைக் கொடுத்துவிடு, பீஸ் கட்ட வேண்டாம். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 2007-ல் ஃபோயாவைத் திருத்தித்தான் அந்த ஓட்டையை அடைத்தது. கூடவே இன்னொரு நல்ல காரியமும் செய்தது. பீஸ் பணம் பொதுவான அரசு நிதியிலிருந்து போகாமல், அந்தந்தத் துறையின் சொந்த பட்ஜெட்டிலிருந்து போக வேண்டும் என்று வைத்தது.

நியூ ஜெர்சி சுப்ரீம் கோர்ட் 2008-ல் ஹோபோக்கன் நகரத்தைப் பற்றிய மேசன் வழக்கில் பக்கனன் வழியில் போகவில்லை. இரண்டு விஷயத்தைக் காட்டினால் போதும். நாம் போட்ட வழக்கால்தான் ஆவணம் வெளியே வந்தது. சட்டப்படியும் அது நமக்குக் கிடைக்க வேண்டியதுதான். அலுவலகம் ஏழு வேலை நாளில் பதிலே சொல்லாமல் இருந்துவிட்டுப் பிறகு கொடுத்தால், வழக்கு காரணமில்லை என்று நிரூபிக்கும் பாரம் அதன் தலையில். சாருக்கு அந்த வசதி இல்லை. அவருக்குத்தான் கடிதம் கடிதமாகப் பதில் வந்திருக்கிறதே.

டவுன்ஷிப் தரப்பு வாதம் எதிர்பார்த்தது போலவே இருந்தது. மறுத்தபோது அது வெறும் வரைவு. இப்போதுதான் இறுதியானது. இறுதியானதும் கொடுத்துவிட்டோம். வழக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இதை உடைத்தது எங்கள் ஆபீஸ் இல்லை, சார்தான். ரிப்போர்ட்டை அச்சடித்து எடுத்துக்கொண்டு வந்தார். முதல் பக்கத்தில் லைசென்ஸ் பெற்ற இன்ஜினியரின் முத்திரை, கையெழுத்து, அதன் அடியில் தேதி. மறுப்புக் கடிதத்துக்கு முந்தைய தேதி. “வரைவுக்கு எவனும்மா சீல் வெப்பான்? நான் வெச்சதில்ல” என்றார். அந்த ஒரு பக்கத்தை நகலெடுத்துப் பதில் மனுவில் முதல் இணைப்பாக வைத்தோம்.

இனி என் ராஜ்ஜியம். பீஸ் எவ்வளவு என்பதற்குக் கணக்கு மேலோட்டமாகப் பார்த்தால் சுலபம்: நியாயமான மணி நேரம் பெருக்கல் நியாயமான மணிக்கட்டணம். இந்த ‘நியாயமான’வை நிரூபிக்க மாநில கோர்ட் விதி 4:42-9 ஒரு பிரமாணப் பத்திரம் கேட்கிறது. வக்கீலின் அனுபவம், வேலையின் சிரமம், இந்த வட்டாரத்தில் இதே தரத்து வக்கீல்கள் என்ன வாங்குகிறார்கள், கிடைத்த பலன் என்ன என்று ஒவ்வொன்றாக அதில் சொல்ல வேண்டும். கூடவே டைம்ஷீட். ஒரு மணி நேரத்தைப் பத்தாகப் பிரித்து ஆறு ஆறு நிமிஷமாக எழுதுவது வழக்கம்.

டைம்ஷீட் எப்படி எழுதப்படுகிறது என்பதில்தான் பாதிப் பணம் இருக்கிறது. ‘மனு தயாரிப்பு, ஆராய்ச்சி, கட்சிக்காரரோடு பேச்சு: 5.4 மணி’ என்று ஒரே மூட்டையாகக் கட்டி எழுதினால், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். எதற்கு எத்தனை என்று தெரியாததால் ஜட்ஜும் ஒரு சதவீதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவார். வெட்டுவது அவர் தப்பில்லை. அதனால் பாஸ் எழுதிய குறிப்புகளை வைத்துக்கொண்டு தினமும் மாலையே பிரித்து எழுதிவிடுவேன். மறுநாள் கேட்டால் அவருக்கே நினைவிருக்காது.

எதை எழுதக் கூடாது என்பது இன்னொரு கலை. நான் ஸ்கேன் செய்தது, உறையில் போட்டு அனுப்பியது எல்லாம் ஆபீஸ் நிர்வாகச் செலவு; பில்லில் வராது. நான் மனுவின் உண்மை விவரப் பகுதியை வரைந்தது, இணைப்புகளைச் சரிபார்த்துத் தொகுத்தது வரும். பாராலீகல் வேலைக்கும் அந்த விதியில் இடமிருக்கிறது. என் பெயருக்கு எதிரே மணிக்கு இத்தனை டாலர் என்று கோர்ட் காகிதத்தில் பார்க்கும்போதெல்லாம் என் சம்பளச் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைக்கத் தோன்றும். பாஸ் இதைப் படிக்கமாட்டார், தமிழ் தெரியாது.

சாரின் போன்கள்தான் பெரிய தலைவலி. ரிப்போர்ட்டில் ஆரம்பித்தால் அவர் எழுபதுகளில் கட்டிய பாலத்தில் போய்த்தான் நிற்பார். கட்சிக்காரரோடு பேசிய நேரம் நியாயமான செலவுதான், பாலத்தின் கதை இல்லை. நாங்களே பாதிக்கு மேல் அடித்துவிட்டோம். நாமே அடித்த வரிகளைப் பட்டியலில் பூஜ்யம் போட்டுக் காட்டுவது என் பழக்கம். மறைக்காமல் குறைத்திருக்கிறார்கள் என்று ஜட்ஜுக்குத் தெரிந்தால் மிச்ச வரிகளின் மேல் சந்தேகம் குறையும்.

மத்திய கோர்ட்டில் இல்லாத ஒரு சலுகையும் நியூ ஜெர்சியில் உண்டு. தோற்றால் சல்லிக்காசு கிடைக்காது என்று தெரிந்தே வக்கீல் கேஸ் எடுத்தால், அந்த ஆபத்துக்காகக் கணக்கின் மேல் கூடுதலாகக் கொடுக்கலாம். 1995-ல் ரெண்டைன் வழக்கில் மாநில சுப்ரீம் கோர்ட் சொன்னது: பொதுவாக 5 முதல் 50 சதவீதம் வரை, வழக்கமான கேஸ்களில் 20 முதல் 35. 2012-லும் அதை உறுதி செய்தது. மத்திய சுப்ரீம் கோர்ட் 1992-லேயே, மத்திய பீஸ் சட்டங்களின் கீழ் இந்தக் கூடுதலே கிடையாது என்று கதவைச் சாத்திவிட்டது.

சார் கேஸில் அதுவரை போகவில்லை. பீஸ் மனு போட்டதும் டவுன்ஷிப் தரப்பு பேச வந்தது. நாங்கள் கேட்டதை விடக் குறைவு, அவர்கள் முதலில் சொன்னதை விட அதிகம் என்று ஒரு தொகையில் முடிந்தது. டாலரில் ஐந்து இலக்க எண். கவுன்சில் கூட்டத்தில் விவாதமில்லாத தீர்மானங்களோடு ஒன்றாக அது நிறைவேறியது. அந்த ஒப்பந்தமும் பொது ஆவணம்தான். யார் வேண்டுமானாலும் ஓப்ரா போட்டு வாங்கலாம்.

ஓப்ராவில் சாதாரண அளவுத் தாளின் நகலுக்குக் கட்டணம் பக்கத்துக்கு 5 சென்ட். சாரின் ரிப்போர்ட் எண்பது பக்கம். காகிதத்தில் கேட்டிருந்தால் நாலு டாலர். மின்னஞ்சலில் அனுப்பினால் அதுவும் இல்லை.

வரி கட்டுகிறவர் பணம் வக்கீலுக்குப் போகிறதே என்று கோபப்படுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கும் அந்த வீதியில் வீடு இருந்தால் கோபம் வரும். ஆனால் முழுக் கணக்கையும் பாருங்கள். தரமாட்டேன் என்று சொல்ல டவுன்ஷிப் வைத்த வக்கீலும் மணிக்கணக்கில்தான் பில் போட்டார், அதுவும் அதே வரிப்பணம். அவர் தோற்றாலும் அவருக்குப் பணம் உண்டு. என் அனுபவத்தில் கிளார்க்குகள் பெரும்பாலும் கொடுக்கவே விரும்புகிறவர்கள். வீட்டுப் பட்டியல் விற்கும் கம்பெனிகள் கட்டுக்கட்டாக அனுப்பும் விண்ணப்பங்களுக்கு நடுவில் திண்டாடுகிறவர்கள். வேண்டாம் என்று மேலிருந்து சொல்லும் ஆள் வேறு. வேண்டுமென்றே சட்டத்தை மீறினால் முதல் தடவை 1,000, அடுத்து 2,500, பிறகு 5,000 டாலர் என்று சம்பந்தப்பட்டவர்மேல் தனிப்பட்ட அபராதம் ஓப்ராவில் இருக்கிறது. நம்மூர் ஆர்டிஐயில் நாளுக்கு 250 ரூபாய், உச்சம் 25,000 என்று இருப்பது போல. வேண்டுமென்றே என்று நிரூபிப்பது சாமானியமில்லை. ஆகவே பயம் என்று ஒன்று இருந்தால் அது பீஸ் பயம் மட்டும்தான்.

நாளுக்கு இத்தனை என்று அபராதம் நிஜமாகவே கடிக்கும் இடம் வாஷிங்டன் மாநிலம். அங்கே ஜெயித்தவருக்குப் பீஸும் உண்டு, அதன் மேல் நாளுக்கு 100 டாலர் வரை அபராதமும் அவருக்கே. சியாட்டில் கால்பந்து மைதானம் பற்றிய ஆவணங்களை 1997-ல் ஒருவர் கேட்டு, கவுண்டி (மாவட்ட) நிர்வாகம் இழுத்தடித்து, 2010-ல் அந்த மாநில சுப்ரீம் கோர்ட் நாளுக்கு 45 டாலர் வீதம் 3,71,340 டாலர் அபராதம் போட்டது. எங்கள் ஆபீசில் அந்தத் தீர்ப்பைப் பொறாமையோடு படிப்போம்.

சார் கேஸ் நடந்தது பழைய சட்டத்தின் கீழ். அப்போது ஜெயித்தவருக்குப் பீஸ் கட்டாயம். தொகையில் மட்டுமே சண்டை. ஜூன் 2024-ல் அப்போதைய கவர்னர் மர்ஃபி கையெழுத்திட்ட திருத்தம் செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நகராட்சிகளின் சங்கம் ஆதரித்தது, பத்திரிகைக்காரர்களும் உரிமை அமைப்புகளும் எதிர்த்தார்கள். இப்போது ஜெயித்தாலும் பீஸ் கொடுப்பது நீதிபதியின் விருப்பம். அலுவலகம் நியாயமில்லாமல் மறுத்தது, கெட்ட எண்ணத்தோடு நடந்தது, தெரிந்தே மீறியது என்று இந்த மூன்றில் ஒன்றைக் காட்டினால்தான் கட்டாயம்.

கெட்டவர்களைப் பிடிக்க வழி இருக்கிறதே, என்ன நஷ்டம் என்று கேட்கலாம். விருப்பம் என்றால் நடைமுறையில் என்ன ஆகும் என்று தெரிய மத்திய ஃபோயாவைப் பாருங்கள். அங்கே பீஸ் 1974-ல் வந்த நாளிலிருந்தே நீதிபதி விருப்பம்தான். பொதுமக்களுக்குப் பலன் உண்டா, கேட்டவருக்கு வியாபார லாபம் உண்டா, அவர் நோக்கம் என்ன, அலுவலகம் மறுத்ததில் ஏதாவது நியாயம் இருந்ததா என்று நாலு அளவுகோல். ஜெஃபர்சன் மோர்லி என்ற பத்திரிகையாளர், கென்னடி கொலை விவகாரத்தில் பெயர் அடிபட்ட ஒரு சிஐஏ அதிகாரியின் கோப்புகளைக் கேட்டு 2003-ல் வழக்குப் போட்டார். மேல்முறையீட்டில் ஜெயித்து ஆவணங்களும் வாங்கினார். பீஸ் விவகாரம் மட்டும் மேலும் கீழுமாக அலைந்து, 2018-ல் வாஷிங்டன் டிசி அப்பீல் கோர்ட்டில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் முடிந்தது: பீஸ் இல்லை. அந்த இருவரில் ஒருவர், இப்போது சுப்ரீம் கோர்ட்டில் இருக்கும் பிரெட் கவனா. கோப்புகளைத் தேடச் சொன்ன கோர்ட்தான், தேட வைத்த வக்கீலுக்கு ஒன்றுமில்லை என்றும் சொன்னது. இதைப் படித்த வக்கீல் அடுத்த மோர்லி போன் பண்ணினால் என்ன சொல்வார்?

இமிக்ரேஷன் ஃபைல் கேட்டு ஃபோயா போடும் நம்மவர்களும் இங்கேதான் அடிபடுகிறார்கள். 20 வேலை நாள் கெடு தாண்டினால் வழக்குப் போடலாம். போட்டால் ஃபைல் வந்துவிடுவதும் உண்டு. ஆனால் சொந்த ஃபைலில் பொதுமக்களுக்கு என்ன பலன் என்று முதல் அளவுகோலிலேயே கேட்பார்கள். பீஸ் திரும்ப வரும் என்று நம்பி இறங்க வேண்டாம்.

நியூ ஜெர்சியில் இருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம். ஓப்ராவில் கிடைக்காத ஆவணத்தைப் கோர்ட் தீர்ப்புகளால் உருவான பழைய பொதுச் சட்ட (காமன் லா) உரிமையின் கீழ் கேட்டும் ஜெயிக்கலாம். அப்படி மட்டும் ஜெயித்தால் பீஸ் கிடையாது என்று 2023-ல் நெப்டியூன் டவுன்ஷிப் வழக்கில் மாநில சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஒரு போலீஸ் சார்ஜென்டின் உள்விசாரணைக் கோப்பைக் கேட்டுப் போராடிய பத்திரிகைக்கே அந்தக் கதி. மின்னஞ்சல்களைக் கேட்கிறீர்களா? யாருடையது, எந்த விஷயம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எழுதுங்கள். புதிய சட்டம் அதைக் கேட்கிறது. எழுதாவிட்டால் மறுத்ததில் நியாயம் இருக்கிறது என்று நீங்களே எழுதிக் கொடுத்தது போலாகும். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடினால், உங்கள் நேரத்துக்கு வக்கீல் பீஸ் வராது. கோர்ட்டுக்குப் பதிலாக, ஓப்ரா புகார்களை விசாரிக்கும் மாநில அமைப்பான கவர்ன்மென்ட் ரெக்கார்ட்ஸ் கவுன்சிலில் இலவசமாகப் புகார் கொடுக்கலாம். மெதுவாக நகரும், பொறுமை வேண்டும். இரண்டில் ஒன்றுதான், இரண்டு வாசலையும் தட்ட முடியாது.

வக்கீலோடு போடும் ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் முழுக்கப் படியுங்கள். ஜட்ஜ் பீஸைக் குறைத்துக் கொடுத்தால் மீதிக்கு யார் பொறுப்பு, ஒன்றுமே கொடுக்காவிட்டால் என்ன, தாக்கல் கட்டணம் யாருடையது, பீஸ் இல்லாமல் சமரசம் பேச உங்களுக்கு உரிமை உண்டா என்று தெளிவாகக் கேளுங்கள். திருத்தம் வந்த பிறகு எங்கள் ஆபீஸ் ஒப்பந்தத்தில் மூன்றாம் பக்கத்தை பாஸ் மாற்றி எழுதினார். பீஸ் வராவிட்டால் கட்சிக்காரர் எங்களுக்கு எதுவும் தர வேண்டாம் என்ற வரி அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த 250 டாலரை முன்பு நாங்களே போட்டுக்கொண்டிருந்தோம். இப்போது கட்சிக்காரர் முதலிலேயே கட்ட வேண்டும். எடுக்கும் கேஸ்களும் குறைந்துவிட்டன. முத்திரைத் தேதி மாதிரி ஏதாவது கையில் இருந்தால்தான் பாஸ் போனை என்னிடமிருந்து வாங்குகிறார்.